மேல்மூடி இல்லாத கேபினட்

ஏப்ரல் 23, புதன்

மதிப்பிற்குரிய பானுப்பிரியா அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டு நாள்களாக இக்குறிப்பேட்டில் ஒரு வரியும் எழுதாமல் விட்டதைப் பொறுத்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

(‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கி எனக்கு இதுவரை எவரும் எழுதியதில்லை. எனவே நானே எழுதிக்கொள்கிறேன்.)

தாமதத்திற்குக் காரணம் உண்டு. அம்பத்தூர்க் கடையிலிருந்து விலகிவிட்டேன். ஏழாண்டுகள் அங்கே கணினி கட்டினேன். பன்னிரண்டு நாள்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர், நான் மூன்று நாள் உழைத்துக் கட்டிய கணினியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “யாரு சார் கட்னது? வயரெல்லாம் சூப்பரா கீதே” என்றார். முதலாளி மனோகரன் என் பக்கம் திரும்பாமலே, “நம்ம ஜெகதீஷ்தான். அக்கா பையன். கைராசிக்காரன்” என்றார். ஜெகதீஷ் தலையைக் குனிந்துகொண்டார். மறுத்துச் சொல்லவில்லை.

நான் ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்தேன். “இனி அவரே கட்டட்டும்” என்றேன்.

மனோகரன் சிரித்தார். “பானும்மா கோச்சிகினாங்க. ஒரு டீ சொல்லுப்பா.”

டீ வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பும் அண்ணனூர் ரயிலில் ஏறிவிட்டேன்.

நேற்று அருள்மொழி தொலைபேசியில் அழைத்தார். ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட்டில், விளம்பரங்களுக்கு அசைவூட்டப் படம் செய்யும் சிறு நிறுவனத்தை நடத்துபவர். கடைக்கு முன்பு வந்திருக்கிறார். வேலை செய்பவர் யார் என்பதைக் கவனித்திருக்கிறார். சேலைத் துணி காற்றில் அசைவதைக் கணக்கிடும் மென்பொருள் அவர்களுடையது; அதற்கு வேகம் ஒன்றே முக்கியம். ஆகவே தொழிற்சாலை குறித்த வேகத்தைத் தாண்டி ஓடும் கணினி வேண்டும். ஓவர்கிளாக். 5.7 கிகாஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம், அவர்கள் கண்ணெதிரே, நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் ஆறு கணினிகளையும் நானே கட்டலாம். அவருடைய கூட்டாளி பார்த்தசாரதிக்கு இதில் விருப்பமில்லை; கம்பெனியில் ஆயத்தமாகக் கிடைப்பதே போதும் என்கிறாராம்.

ஓடினால், யார் கட்டியது என்ற கேள்விக்கு என் பெயர் விடையாகும். ஓடாவிட்டால் மனோகரனின் டீ.

ஓடும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

முதலில் பிராசஸர். வேகப் பூட்டு நீக்கப்பட்டதையே எடுக்க வேண்டும். மற்றவற்றைத் தலைகீழாக நின்றாலும் முடுக்க முடியாது. பூட்டு நீக்கியதிலும் ஒரே நாளில், ஒரே இடத்தில் செய்யப்பட்ட இரண்டில் ஒன்று 5.8 வரை போகும், மற்றொன்று 5.5-இலேயே மூச்சு வாங்கும். வாங்கிப் பூட்டும்வரை தெரியாது.

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டுகளுக்குச் சால்டர் வைத்துக்கொண்டே, மடியில் அகராதியுடன் படித்தவள். அவ்வளவு படித்தும் கடைசியில் எல்லாப் பக்கங்களும் ஒரே சொல்லில்தான் வந்து நிற்கின்றன: அதிர்ஷ்டம். என்னிடம் இருப்பு இல்லாத சரக்கு.

ஏப்ரல் 26, சனி

கணினி உறுப்புகள் விற்கும் ரிச்சி தெருவுக்கு என் கணவர் செங்கல்வராயனும் வந்தார். மின்ரயில்களைப் பராமரிக்கும் கார் ஷெட்டில் அவருக்கு இன்று வார ஓய்வு. கடைக்காரர் என்னைத் தாண்டி அவரிடமே பேசினார்.

“சார், கேமிங்குக்கா?”

“எனுக்கு இன்னா நைனா தெரியும்? நான் ரயிலுக்கு கிரீஸ் போடறவன். அம்மாகிட்ட பேசு.”

கடைக்காரர் ஒரு மதர்போர்டை எடுத்து நீட்டினார். “ஏழு கலர்ல லைட்டு எரியும் மேடம்.”

“பிராசஸருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்தி அனுப்பும் பகுதிமேல் எவ்வளவு கனமான உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுங்கள். விளக்கு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.”

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் சொன்னார்: “ஊட்லயும் இப்டிதான். கோர்ட்ல தீர்ப்பு படிக்கிற மாரியே பேசும்.”

விளக்கில்லாத, தகடு கனத்த போர்டு கிடைத்தது. மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் தேவைக்கு மேல் தாங்கக் கூடியதாகவே எடுத்தேன். தவறு செய்ததாக நினைவில்லை. இருந்தும் திரும்பும் ரயிலில் பெட்டிகளை மடியில் வைத்திருந்தபோது, பிறர் பொருளைச் சுமந்து செல்வது போலவே இருந்தது.

ஏப்ரல் 30, புதன்

நான் இத்தனை மாதங்கள் படித்த சோதனைகள் யாவும் இருபத்தொரு டிகிரி அறையில் செய்யப்பட்டவை. என் அறை மொட்டைமாடியில், தகரக் கூரையின் கீழ். இன்று பிற்பகல் முப்பத்தேழு. அந்தப் பதினாறு டிகிரியை எங்கிருந்து கழிப்பது?

சூட்டை இறக்கும் கூலரில் நீர் ஓடும் வகையை ஒதுக்கினேன். பம்பு நின்றால் எல்லாம் நின்றுவிடும். இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர், இரண்டு விசிறிகள். இரண்டுக்கும் கிளை பிரிந்த ஒரே வயர். முதல் விசிறியின் வேகம் மட்டுமே திரையில் தெரியும். அது போதும்.

கேபினட்டின் மேல்பக்கம் காற்று வெளியேறுவதற்காகத் திறந்தது. அதன்மேல் தூசி தடுக்கும் சல்லடை மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றிப் பார்த்தேன். சாதாரண வேகத்திலேயே மூன்று டிகிரி குறைந்தது. மூன்று டிகிரி எனக்குப் பெரிது. கழற்றியது கழற்றியதுதான்.

கணவர் இரவுச் சோற்றின்போது கவனித்துவிட்டார். “மூடிய ஏன் கயட்டிகினே? எதுனா உள்ள உழுந்தா?”

“என்ன விழப்போகிறது?”

“ஷெட்ல மோட்டாருக்கு காத்து போற வயில சல்லட போட்டு வெச்சிகிறோம். காத்து கம்மியாத்தான் போவும். ஆனா காக்கா கொண்டாந்து போடற குச்சி உள்ள போவாது.”

“இது ரயில் அன்று.”

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மே 5, திங்கள்

அக்கினி நட்சத்திரம் இரண்டாம் நாள். 5.7-இல் ஆறு நிமிடம். அணைந்தது. 5.6-இல் பதினொரு நிமிடம். அணைந்தது.

மே 7, புதன்

வெயில் ஏறுமுன், காலை ஐந்தரைக்குத் தொடங்கினேன். அறை இருபத்தொன்பது. மின்னழுத்தத்தை ஒரு மயிரிழை குறைத்தேன். 5.7. ஒரு மணி பத்து நிமிடம். பிராசஸரின் சூடு தொண்ணூற்றொரு டிகிரியைத் தாண்டவில்லை. நூற்றைத் தொட்டால்தான் தன்னை அணைத்துக்கொள்ளும்.

அருள்மொழியின் அறையில் ஏசி உண்டு. கணக்குப்படி எண்பத்தேழில் நிற்க வேண்டும். மகிழ்ச்சி என்று எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. கணக்குப்படி நடந்தவை என் வாழ்வில் மிகக் குறைவு.

மே 9, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்னும் மோசமாகும்.

பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பூசை முடித்துவிட வேண்டும் என்றார் அருள்மொழியின் அம்மா. தேனிப் பக்கத்திலிருந்து இதற்காகவே வந்தவர் போலத் தட்டில் எல்லாம் தயாராக வைத்திருந்தார். சந்தனம், குங்குமம், மஞ்சள் அரிசி. கேபினட்டின் நெற்றிக்குப் பொட்டு வைத்தார். ஏழெட்டுப் பேர் கையில் அட்சதையுடன் வட்டமாக நின்றார்கள். அருள்மொழி மட்டும் தயங்கினார்.

“அக்கா, மேல தெறந்திருக்கே. போடலாமா? இல்ல, பக்கத்துல போடச் சொல்லவா?”

பார்த்தசாரதி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: “தாராளமாகப் போடுங்கள். அரிசிக்கு அஞ்சும் கணினியை நான் கட்டுவதில்லை.”

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. அந்த ஒரு நிமிடம் நான் நன்றாக இருந்தேன்.

ஒன்பது ஐம்பதுக்குத் தொடங்கினோம். பத்தாம் நிமிடம் தொண்ணூறு. எண்பத்தேழில் அல்லவா நிற்க வேண்டும்? இருபதாம் நிமிடம் தொண்ணூற்று நான்கு. விசிறி வேகத்தைப் பார்த்தேன், திரை முழு வேகம் என்றே காட்டியது. அப்படியானால் பிராசஸர். அல்லது அதற்கும் கூலருக்கும் இடையே தடவிய பேஸ்ட் சரியாகப் பரவவில்லை. அல்லது – முப்பத்து நான்காம் நிமிடம் திரை இருண்டது.

“தெறந்து பாக்கறீங்களாக்கா?” என்றார் அருள்மொழி.

“பிறர் முன்னிலையில் என் வேலையைத் திறந்து தேடும் வழக்கம் எனக்கில்லை” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

பார்த்தசாரதி மிகவும் பண்பாக, “பரவாயில்ல மேடம். முயற்சி பண்ணீங்க, அதுவே பெரிசு” என்றார். திட்டியிருக்கலாம்.

மே 10, சனி

ஒன்றுமில்லை.

மே 13, செவ்வாய்

கணினி ஆட்டோவில் திரும்பி வந்தது. குங்குமப் பொட்டு அழியாமல் இருக்கிறது. பழைய போர்வையால் மூடி, மூலையில் தள்ளினேன்.

அருள்மொழியின் செய்தி: “அக்கா, சாரதி கம்பெனி மெஷினுக்கு கொட்டேஷன் வாங்கிட்டார். 23ஆம் தேதி ஆர்டர் போடறோம். நீங்க எதாவது சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லுங்க.”

பதில் எழுதவில்லை. 

மே 16, வெள்ளி

உறுப்புகளின் பட்டியலைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துத் திருத்துகிறேன். வேறு பிராசஸர் எடுத்திருந்தால். நீர்க் கூலர் எடுத்திருந்தால். மின்னழுத்தத்தைக் குறைக்காமல் விட்டிருந்தால். ஏழு தாள்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு பட்டியலும் அதற்கு முந்தையதைவிடச் சரியாகத் தெரிகிறது. அடுத்த நாள் தவறாகத் தெரிகிறது.

எனக்கு இன்னாதான் தெரியும்? யாரோ போட்ட வீடியோவ பாத்துட்டு, அகராதிய வெச்சிகினு, பெரிய இவளாட்டம். அந்த ஜெகதீஷாவது தெரியாதுன்னு தலய குனிஞ்சிகினு நிக்கிறான். நான் அதுவும் செய்யல.

மே 19, திங்கள்

மனோகரன் அழைத்தார். ஐயப்பன்தாங்கலில் நடந்தது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது.

“பானும்மா, இந்த ஜெகதீஷ் ரெண்டு போர்ட கொளுத்திட்டான். நீ வந்துடு. நடந்தது நடந்துபோச்சு. அந்த பார்ட்ஸ் கூட சும்மா ஏன் தூங்கணும்? நானே எடுத்துக்கறேன்.”

“அடுத்த திங்கட்கிழமை வருகிறேன்” என்றேன்.

“பேச்சு மட்டும் மாறவே இல்ல” என்று சிரித்தார்.

அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மே 21, புதன்

கடைக்குக் கொடுப்பதற்காகப் பிரிக்க உட்கார்ந்தேன். கணவர் பணியிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் டார்ச் பிடித்தார். பக்கத் தகட்டைக் கழற்றினேன். கோபுரங்களுக்கு நடுவே உள்ள இரண்டாம் விசிறியை எடுப்பதற்கு விரலால் தள்ளினேன். சுற்றவில்லை.

டார்ச்சை அருகே கொண்டுவந்தார். இறக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே மஞ்சளாக ஒன்று, ஆப்பு அடித்தது போல இறுகி நின்றது. கீழே போர்டின்மேல் இன்னும் ஐந்து.

“இன்னா பானு, மெசினு சோறு துன்னுகீது” என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். மூடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையிட்டிருப்பேன்; அது எளிது.

ஒரு விசிறி ஓடியது. திரை அதைத்தான் காட்டியது. மற்றது பூசையோடு நின்றுவிட்டது.

பிராசஸர் நல்லது. போர்டு நல்லது. கூலர் நல்லது. ஒரே விசிறியோடு முப்பத்து நான்கு நிமிடம் தாங்கியிருக்கிறது. நான் தேர்ந்தெடுத்தவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. பன்னிரண்டு நாள்களாக ஒவ்வொன்றின்மீதும் பழி போட்டுக்கொண்டிருந்தேன். போடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்டாரே.

ஊசியால் அந்த அரிசியை எடுத்து இப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

மே 22, வியாழன்

காலை, சல்லடை மூடியைத் திரும்பப் போட்டு ஓட்டினேன். 5.7 நிற்கவில்லை; அந்த வேகத்தில் மூடி ஏற்றும் சூடு மூன்று டிகிரி அன்று, பதினான்கு, ஏசி அறையிலும் நூற்றைத் தொட்டுவிடும். 5.6 ஒரு மணி நேரம் நின்றது. மூன்று முறை பார்த்தேன். அவர்கள் கேட்டது 5.7. பார்த்தசாரதி இதைக் கேட்டவுடன் என்ன சொல்வார் என்பது எனக்கே தெரியும். நாளை இருபத்து மூன்று. திங்களன்று மனோகரன் கடை. இவற்றில் எதுவும் மாறும் என்று நம்பிக்கை இல்லை.

இருந்தும் அருள்மொழிக்குக் கடிதம் எழுதினேன். ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கி இரண்டு பக்கம். காற்றோட்டக் கோட்பாடு, விசிறி வயரின் அமைப்பு, எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தேன். தவறு யாருடையது என்பது மட்டும் அதில் இல்லை. கிழித்துப் போட்டேன்.

பிறகு போனில் அனுப்பியது கீழே. நகலுக்காக எழுதி வைக்கிறேன்.

“அருள்மொழி, தப்பு என்னுடையது. நீங்கள் கேட்டபோது மேலே போட வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு அரிசி விசிறியில் மாட்டிக்கொண்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவார்கள். இப்போது மூடி போட்டுவிட்டேன். மூடியோடு 5.6 தான் வருகிறது, 5.7 வரவில்லை. நாளை காலை வந்து உங்கள் எல்லார் முன்னாலும் திறந்து காட்டுகிறேன், ஓட்டியும் காட்டுகிறேன். வரலாமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.”