ஆபரேஷன் அக்கா

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

பெரியவளும் சின்னவளும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பதறாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானே பதறிப்போய்த்தான் கிடக்கிறேன். போன் அத்தையோடு வீட்டில் இருக்கிறது, உங்கள் நம்பரும் அதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் அண்ணன் இன்று மாலை உங்கள் வேலை நடக்கும் ஊருக்கு லோடு கொண்டு வருகிறார். அவர் மனைவிதான் எனக்குத் துணைக்கு இருக்கிறார். அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கொஞ்ச நாளாக அடிவயிற்றில் ஒரு பக்கம் பிடித்து இழுத்தது. தையல் மெஷினில் குனிந்தே கிடக்கிற வலி என்று நினைத்தேன். குமட்டியது, கேன்டீன் சாப்பாட்டைத் திட்டினேன். நாள் தள்ளிப்போனதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. சின்னவள் பிறந்த கையோடு கர்ப்பத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவள் எதற்குக் கண்டுகொள்ள வேண்டும்? கம்பெனியில் எனக்குப் பெயரே ஆபரேஷன் அக்காதானே! பயந்த பெண்களை எல்லாம், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், வாடி" என்று நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறேன். இஸ்திரி போடுகிறவள் மசக்கையா என்று கேட்டதற்கு, "ஆமாடி, பூட்டின வீட்டுல திருடன் பூந்துட்டான்" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தேன். என் வாய் இருக்கிறதே!

நேற்று மெஷின் மேலேயே மயங்கி விழுந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிட்டதாம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் எங்கோ ஒருத்திக்கு இப்படி ஆவதுண்டு, யார் மேலும் தப்பில்லை என்றார் டாக்டரம்மா. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்தாம். நாளைக் காலையில் வயிற்றைத் திறந்து எடுக்கிறார்கள்.

டாக்டரம்மா போனதும் அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு, "என் பையன் ஊர்லயே இல்லையே" என்றார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால், மழையில் வேலை நின்றுபோனதென்று லீவில் வந்திருந்தீர்களே, அதைச் சொன்னேன். "ஆபரேஷன் பண்ணினவளுக்கு எப்படி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்தான். பிள்ளைகளைக்கூடக் கண்ணில் காட்டவில்லை.

உங்களுக்கும் அந்தக் கேள்வி வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். கத்திக்குக்கூட இவ்வளவு பயமில்லை.

முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் இதைப் படித்த கையோடு அத்தைக்குப் போன் போட்டு, "அது என்னுதுதாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் கண் விழிக்கும்போது அத்தை பக்கத்தில் இருந்தால், சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன்.

நான் கண் விழிக்காமல் போனாலும் சொல்லிவிடுங்கள். நமக்கு இரண்டும் பெண் பிள்ளைகள்.

உங்களையே நம்பியிருக்கும்,
பெரியவளின் அம்மா