வைக்கலும் அரைப்பங்கு யூரியாவும்

அம்மா,

ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் நான் வேலை செய்யும் பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில், புல் விதை தூவி மூடுவதற்கென்று வைக்கல் கட்டுகளை வெளியே அடுக்கியிருக்கிறார்கள். மழையில் நனைந்து மணத்தது. பஸ் வந்தும் ஏறாமல் நின்றேன்.

போன வருடம் இதே நாட்களில்தான் வைக்கல் வாங்கிவரச் சொல்லி என்னை அந்தக் கடைக்குள் தள்ளிவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டதிலிருந்து நான் ஆட்களோடு பேசுவதே குறைவு. "வாயைத் திறந்தா முத்தே கொட்டுண்டிடும்? போய்க் கேள் பிள்ளை" என்றீர்கள்.

வன்னியிலிருந்து மாமா வவுனியாவுக்கு வந்து போன் எடுத்திருந்தார். வரப்போகிற பெரும்போகத்துக்கு யூரியா உரம் பாதிதான் கிடைக்குமாம். வைக்கலை எரிக்காமல் வயல் மண்ணுக்குள்ளேயே தாட்டு, இருக்கிற யூரியாவையும் போடச் சொன்னீர்கள். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. உங்கள் தம்பிக்கு அந்த வயலை விட்டால் வேறு பிழைப்பில்லையே.

ஒரு கலியாண வீட்டில் நிறைகுடத்தடியில் பரப்பியிருந்த நெல்லில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தீர்கள். அதை முளைக்கவைத்து, பல்கனியில் இரண்டு சேற்று வாளிகளில் நட்டோம். ஒன்றில் முழு யூரியா. மற்றதில் நறுக்கிய வைக்கலும் அரைப்பங்கு யூரியாவும். ஸ்காபரோவில் வயல் செய்கிற ஒரே பொம்பிளை நீதான் என்று அப்பா பகிடி பண்ணினார்.

வைக்கல் வாளியின் நாற்று மஞ்சளாகிப் போனது. அன்று நீங்கள் சாப்பிடவில்லை. "என்ரை சொல்லைக் கேட்டு அவன் அழியப்போறான்."

பிறகு நீங்களே கண்டுபிடித்தீர்கள். தாட்ட கையோடு நாற்றையும் நட்டுவிட்டோம். வைக்கல் உக்கி மண்ணாகும்போது உரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், உக்கி முடிந்தால்தான் பயிருக்கு விடும் என்றீர்கள். இன்னொரு வாளியில் வைக்கலையும் யூரியாவையும் சேற்றில் கலந்து ஊறவிட்டோம். நாற்றம் தாங்காமல் அப்பா பல்கனிக் கதவைப் பூட்டியே வைத்திருந்தார். நாற்றம் அடங்கிய பிறகு நட்டோம். அது முழு யூரியா வாளிக்குச் சமனாகப் பச்சை பிடித்தது. கதிர் வருமுன் குளிர் வந்துவிட்டது. "கதிர் வேண்டாம், இலை சொல்லிப்போட்டுது" என்று சிரித்தீர்கள்.

மாமா திரும்ப எடுத்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில், பேசக் குரல் இல்லாமல் இருந்தீர்கள். வைக்கலை உக்கவிட்டுத்தான் விதைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். தடுமாறித் தடுமாறி மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது. தையில் நீங்கள் போய்விட்டீர்கள். விளைந்ததா இல்லையா என்று தெரியாமலே போனீர்கள்.

பங்குனியில் மாமா எடுத்தார். "வயல் கரும்பச்சையா நிண்டது பிள்ளை. வெட்டியாச்சு. முழு உரம் போட்ட வருசம் மாதிரித்தான். அக்காவுக்குச் சொல்லேலாமப் போச்சு." என்னோடு ரிசீவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா குசினி அடுப்படிக்குப் போனார்.

அடுத்து வருகிற சிறுபோகத்துக்கும் இப்படியே செய்யவோ என்று மாமா என்னிடம் கேட்டார்.

"ஓம் மாமா. ஆனா தாட்ட உடன விதைக்காதேங்கோ. உக்கட்டும், பொறுங்கோ."

தடுமாறாமல் சொன்னேன், அம்மா. அப்பா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார், நீங்கள்தான் கதைக்கிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்தாராம். அந்தக் குரலை நான் வைத்திருக்கிறேன்.