தொட்டும் கலையாத கை

ஜூன் 8, 2025, ஞாயிறு

பள்ளி திறந்த ஒரே வாரத்தில் பாடம் நடத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் ஞாயிறு மதிய ஆட்டத்தை விடவில்லை. பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போகும் ஆட்டம். கதையை நடத்துவது நான்.

ஆட்டத்துத் தோழி பவுலின் தன் அண்ணன் டைட்டஸைக் கூட்டி வந்திருந்தாள். உவரி மீனவர். மாசி மாதம் விசைப்படகில் வலை இழுக்கும் எந்திரத்தில் சிக்கி, இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. வைத்தியத்துக்காக மனைவி டெல்பினோடு பாளையங்கோட்டையில் தங்கையின் வீட்டில் இருக்கிறார்.

"நாள் பூரா சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்காவ, ட்டி. ஆட்டத்துல சேத்துக்கோ" என்றாள் பவுலின்.

சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

குகை வாசலில் ஒரு மாயச் சுவரை எழுப்பினேன். நம்புகிறவனை அது தடுக்கும். கை வைத்துப் பார்த்தால் கை உள்ளே போகும். பொய் என்று தெரிந்துவிடும். அதன்பின் அது வெறும் புகை. விதி அவ்வளவுதான்.

"தெரிஞ்சிட்டுன்னா முடிஞ்சிது. பெறவென்ன?" என்றான் இசக்கி. என் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன், ஆட்டத்தில் மந்திரவாதி.

டைட்டஸ் அண்ணன் தலை நிமிரவில்லை. "அப்ப எனக்கு ஏன் முடிய மாட்டேங்கு, வே?"

சட்டைக் கைக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டினார். "இந்தா, இங்கனதான் இருக்கு. வெரல மடக்கி இறுக்கிப் பிடிச்சிருக்கு. நகம் உள்ளங்கையில குத்துது. தொட்டா காத்து. பொய்யின்னு தெரியும். தெரிஞ்சும் வலிக்கு."

இல்லாத கையில் நகம் குத்துமா?

ஜூன் 17

பத்தாம் வகுப்பில் நிரூபணம் நடத்தும்போது பாதியில் நின்றுவிட்டேன். தெரிவதும் நம்புவதும் ஒன்றா? அண்ணனுக்குத் தெரியும். அவர் உடம்புக்குத் தெரியவில்லையே — அதற்கு யார் போய்ச் சொல்வது?

ஜூன் 22, ஞாயிறு

விதியை மாற்றிவிட்டேன். பொய் என்று தெரிந்தாலும், உடம்பு நம்புகிற வரை சுவர் தடுக்கும்.

இசக்கி கொதித்தான். "பெறவு எப்பிடித்தான் தாண்டுதது?"

வழி சொன்னது டைட்டஸ் அண்ணன்.

"உன் மந்திரவாதிய விட்டு அதே சுவத்துல ஒரு மாயக் கதவ உண்டாக்கு, வே. சுவர நம்புத உடம்பு கதவையும் நம்பத்தான செய்யும்?"

விதிப்புத்தகத்தில் எங்கேயும் இல்லாத வழி! எல்லோருடைய பாத்திரங்களும் வரிசையாக அந்தக் கதவு வழியே போயின.

பவுலின் மட்டும் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஆஸ்பத்திரில கண்ணாடி வச்சி ஒரு பயிற்சி சொன்னாங்கள்ளா? சின்னப்பிள்ள வெளாட்டுன்னு வரமாட்டேன்னிட்டிய. அதுவும் கதவுதான?"

"எப்பப் போணும்?" என்றார் அவர்.

ஜூலை 6, ஞாயிறு

எப்படி எழுதுவேன் இதை!

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி, பவுலின் வீட்டு மேசை நடுவில் கண்ணாடி. அதற்குப் பின்னால் குறைக்கை, முன்னால் வலது கை. அண்ணன் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் முழுசாக ஓர் இடது கை. வலது கையை இறுக்கி மூடினார். பைய, ஒவ்வொரு விரலாக விரித்தார்.

"ஏ யம்மா… கை தொறக்கு! டெல்பினு, தொறக்கு, ட்டி!"

கண்ணீர் தாடையில் வழிய, திரும்பத் திரும்ப விரித்தார். கண்ணை மூடினால் கை மறுபடி இறுகுகிறதாம். அது வலது கையின் பிம்பம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கும்தான். தெரிந்தும் திறந்தது! நான் கணக்கு வாத்திச்சி. அந்த மேசை முன்னால் கும்பிடத் தோன்றியது.

ஜூலை 9

திரும்பவும் வலியாம். கண்ணாடி முன் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. தினமும் உட்காருகிறார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் பவுலின் போன் செய்தாள். "கை போயிட்டு, ட்டி."

ஓடினேன். அண்ணன் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "எந்திச்சிப் பாக்கேன், முழங்கையோட முடிஞ்சிட்டு. வலியும் இல்ல, கையும் இல்ல, தங்கச்சி." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "கல்யாண மோதரம் அந்தக் கை வெரல்லதான் கெடந்துச்சி. இம்புட்டு நாளும் அந்த வலிக்குள்ள அதும் உறுத்திக்கிட்டே இருந்துச்சி. இப்ப அதும் போச்சி."

டெல்பின் உள்ளே போனாள். தையல் நூலோடு வந்து, அவரது வலது மோதிர விரலில் சுற்றி அளந்தாள்.

"இந்த வெரலு தடியாயிருக்கு" என்றாள். "பெருசாத்தான் செய்யணும்."