ஒன்று என்றால் கச்சான்

பூனா, 9.9.1961

அன்புள்ள அய்யாவுக்கு, சந்தியாகு தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி? நான் சுகம்.

பாம்பனில் ஆறு வருஷம் காற்றின் திசையை எண்ணாக நான் எழுதிய குறிப்புகளை இங்கே வானிலை ஆபீசில் துளைபோட்ட அட்டைகளாக்கி மெஷினில் படிக்கிறார்கள். நீங்கள் வள்ளத்தில் எண்ணும் வரிசைப்படி ஒன்று கச்சான் (மேற்கு), இரண்டு வாடை (வடக்கு), மூன்று கொண்டல் (கிழக்கு), நான்கு சோழகம் (தெற்கு) என்று முதல் தாளில் விளக்கம் எழுதியிருந்தேன். "மீன்காரன் பேச்செல்லாம் ரெக்கார்டுல எதுக்குப்பா?" என்று அதைக் கிழித்தெறிந்த அதிகாரிதான் இங்கேயும் எனக்கு மேலே. ஒன்று என்றால் வடக்கு என்று அவராகவே வைத்துக்கொண்டார். அவர் கட்டுரையில் பாம்பனில் கச்சான் அடிக்கும் ஆடி மாதம் முழுக்க வாடை வீசுகிறது. சிரிக்காதீர்கள், இருமல் வரும்.

நேற்று அவருக்கே சந்தேகம் வந்து, "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"மறந்துபோச்சு சார்" என்றேன். வாய் கூசவில்லை.

"அப்ப வடக்குன்னே இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

அந்த விளக்கத்தின் நகல் நம் தகரப்பெட்டியில் இருக்கிறது. தங்கச்சியை ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு, தாளை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். சீலாக் கருவாடும் கொஞ்சம் வேண்டும், தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்ட வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அடுத்த மாதம் விஞ்ஞானிகள் கூடும் பெரிய சபையில் அவர் கட்டுரை வாசிக்கிறார். முடித்ததும் எழுந்து தாளை நீட்டுவேன். முதல் வரியை அவர் வாயாலேயே படிக்க வேண்டும்: "சொன்னவர், பாம்பன் வள்ளக்காரர் சூசை."

உங்கள் மகன்
சந்தியாகு