கட்டைவிரல் தடம்

மார்ச் 4

கோயோ தாத்தா நேற்று முழுக்க இருமினார். எரிமலைக்கு ஊரில் அதுதான் பெயர். காலையில் பண்ணைக்குப் போனால் நானூறு எச்செவேரியாச் செடிகள் மேலேயும் சாம்பல். ரோஜா மாதிரி அடுக்கின இலைகள். ஒவ்வோர் இடுக்கிலும் சாம்பல். சனிக்கிழமை ஓட்டல் கல்யாணத்துக்குப் போகவேண்டிய செடிகள்.

ஊதித்தான் எடுக்கவேண்டும். தொட்டால் இலையின் வெள்ளை மாவு போய்விடும். அந்த இலைக்கு அது திரும்ப வராது. எஃபேமியா அக்காவும் நானும் குழல் வைத்து ஊதினோம். மதியத்துக்குள் அறுபது செடி, தலைசுற்றல்.

"அடியே நெரெய்தா, கல்யாணம் யாருக்கோ, மூச்சு போறது நமக்கு" என்றாள் அக்கா.

மார்ச் 5

இன்ஜினியர் வந்தார். முதலாளியை அப்படித்தான் கூப்பிடவேண்டும். செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"ஊதிக்கிட்டே இருங்க, அடுத்த கல்யாணமே வந்துரும். ஈரத்துணி எதுக்கு இருக்கு?" ஒரு தொட்டியைத் தூக்கி, இலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத் துடைத்துக் காட்டினார். "இப்படி!"

"மாவு போயிடும், சார்" என்றாள் அக்கா.

"மாவு வேணும்னா சோளரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். ஏன் சிரித்தேன்?

துடைத்தோம்.

மார்ச் 8

ஓட்டலிலிருந்து அத்தனையும் திரும்பி வந்தது. தோல் உரித்த மாதிரி, திட்டுத்திட்டாக.

"யார் துடைச்சது?"

"நீங்கதானே காட்டினீங்க, சார்" என்றாள் அக்கா.

"நானா? நான் செடியைத் தொட்டதே இல்ல. நாளையிலிருந்து வராதே."

அக்காவுக்கு அங்கே பதினோரு வருஷம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 9

எனக்கு வேலை இருக்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 12

கழித்துக் கொட்டிய செடிக் குவியலைக் கிளறினேன். எல்லாம் எங்கள் சின்ன விரல்களின் தடங்கள். ஒன்றில் மட்டும் பெரிய கட்டைவிரல், குறுக்கே ஒரு தழும்புக் கோடு. அந்தத் தழும்பு யாருடையது என்று பண்ணைக்கே தெரியும். தொட்டியை அவர் மேசையில் வைத்தேன்.

"இதுமேல உங்க விரலை வைங்க, சார்."

வைக்கவில்லை. அந்த இலையைப் பிடுங்கினார். கிழியாமல் அடிக்காம்போடு வந்தது. குப்பைக்கூடையில் போட்டார். "இப்ப எங்கே? நீயும் கிளம்பு."

குனிந்து இலையை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கக்கூட இல்லை. ஓர் இலை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 13

அக்காவிடம் சொன்னேன். "லூசு! ஒருத்தியாவது சம்பளம் வாங்கியிருக்கலாம்ல?" பிறகு பீன்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

ஏப்ரல் 27

இருவரும் சந்தையில் வெங்காயத்தாள் கட்டுகிறோம். நின்றே செய்யும் வேலை. கால் வீங்குகிறது.

ஜன்னலோரம் மத்தி மீன் டப்பாவில் அந்த இலை. அடியில் இளஞ்சிவப்பு வேர். வேருக்குமேல் துவரம்பருப்பு அளவில் புது ரோஜா, யாரும் தொடாத மாவோடு. தாய் இலை லேசாகச் சுருங்கிவிட்டது. தடம் அப்படியே, தழும்போடு.

வேலையைவிட்டு நிறுத்தியதற்கு நாங்கள் இருவரும் கொடுத்த மனு நாளை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்கு வருகிறது. டப்பாவையும் கொண்டுபோகிறோம். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் — யார் கையும் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.