கசெற்றுக் குயில்

13 ஏப்ரல் 1986, ஞாயிறு. டோர்ட்மண்ட்

இன்று குரல் பார்த்தார்கள். பெண் பார்ப்பது போலத்தான். நவம்பரில் தமிழர் கலைவிழா வரப்போகிறது. அதில் பாட ஆள் தேவை என்று இசைக்குழு நடத்தும் மகேந்திரராஜா அண்ணை அகதி விடுதிக்கே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சினிமாத் தாலாட்டைப் பாடச் சொன்னார். பல்லவி முடியும் முன்பே கையைத் தூக்கிவிட்டார்.

"உங்கட குரல் கனம், தங்கச்சி. பொம்பிளைக் குரல் எண்டால் மெல்லிசா மேல நிக்கவேணும். குயில் மாதிரி."

முப்பத்தொரு வயதில் இதை எத்தனையாவது தடவை கேட்கிறேன்? ஊரில் மாதா கோவில் பாடகர் குழுவில் என்னை ஆண்கள் வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார்கள். கல்யாணம் பேசி வந்தவர்கள்கூட என் குரலைக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்குத் தொண்டையில ஏதும் வருத்தமோ?" என்று விசாரித்தார்கள். யோசப் ஒருவர்தான் விசாரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கட்டினேன்.

தாலாட்டை யோகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் மாடிப் பிள்ளை, பதினாறு வயது. எனக்குக் கோரஸ். அதுவும் "கொஞ்சம் தள்ளி நிண்டு பாடுங்கோ."

எட்டாயிரம் கிலோமீற்றர் தள்ளி வந்து நிற்கிறேன். இன்னும் எவ்வளவு தள்ளி நிற்பது?

20 ஏப்ரல், ஞாயிறு

பூசையில் ஒரு பிலிப்பினோப் பெண் பாடினாள். ஐந்தடிகூட உயரமில்லை. வாயைத் திறந்தாள், எனக்குக் கைமயிர் நட்டுக்கொண்டது. குரல் தொண்டையிலிருந்து வரவில்லை, நெஞ்சுக்கூட்டிலிருந்து வந்தது. அடியில் கரகரவென்று ஒரு தடிப்பு. அந்தத் தடிப்பைக் கைவிடாமலே மேலே ஏறினாள். நாங்கள் மேலே போகும்போது குரலைக் கூராக்கிக்கொள்கிறோம். அவள் கூராக்கவில்லை, அகலமாக்கினாள்.

யோசப் என் காதில், "உம்மட குரல் மாதிரி" என்றார்.

மாதிரி இல்லை. ஆனால் ஒரே சாதி.

3 மே, சனி

அந்தப் பிலிப்பினோப் பெண்ணின் பெயர் நெனிற்றா. இங்கே ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாகத் தாதி. பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம், மீதி கை. இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

இன்று அவர்களுடைய ஒன்றுகூடலுக்குக் கூட்டிப்போனாள். கோவிலுக்குக் கீழே ஒரு மண்டபம், பெரிய சட்டி நிறைய நூடில்ஸ், ஒரு மைக். தாதிமார் ஒருவர் பின் ஒருவராக வந்து பாடினார்கள். அவர்கள் கேட்கும் விதம் எனக்குப் புதிது. நாங்கள் பாட்டுக் கேட்டால் தலையை ஆட்டுவோம், அல்லது ஆட்டாமல் பக்கத்தில் இருப்பவரோடு கதைப்போம். இவர்கள் கடைசிச் சரணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அங்கே பாட்டு ஒரு படி மேலே ஏறவேண்டும், பாடுகிறவள் முழுக் குரலோடு அந்தப் படியில் பாய்ந்து ஏறவேண்டும். ஏறிவிட்டால் பாட்டு முடியும் முன்பே கத்துகிறார்கள், காலால் தட்டுகிறார்கள்.

ஒரு பிள்ளை மெல்லிய குரலில், தேன் மாதிரிப் பாடினாள். எனக்குக்கூடப் பிடித்தது. நெனிற்றா முகத்தைச் சுளித்தாள். "அழகு. ஆனால் பலம் இல்லை" என்றாள். அவளுடைய சொந்தத் தங்கைக்கும் அதே குரலாம். ஊர்த் திருவிழாப் பாட்டுப் போட்டிகளில் ஒருமுறைகூட வென்றதில்லையாம்.

அப்படியென்றால் எங்கள் யோகம் அங்கே பிறந்திருந்தால், அவளைத்தான் தள்ளி நின்று பாடச் சொல்லியிருப்பார்கள்! வரும் வழியெல்லாம் ட்ராமில் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்த ஜெர்மன்கார அம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

17 மே, சனி

ஒத்திகை. தள்ளி நின்றேன். இன்னும் தள்ளி நிற்கச் சொன்னார் மகேந்திரராஜா அண்ணை. கதவுக்கு வெளியே போய் நின்று பாடினேன். அங்கேயும் கேட்கிறதாம்.

14 ஜூன், சனி

நெனிற்றாவுக்கு எல்லாம் வாய்த்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு ஹோட்டலில் பாடுகிறாள். அங்கே வரும் ஜெர்மன்காரர் அவளுடைய குரலைக் கேட்பதில்லையாம். இசைத்தட்டில் இருக்கும் அமெரிக்கக்காரியின் குரலைத்தான் கேட்கிறார்களாம். அச்சாக அப்படியே பாடினால், "அற்புதம், கண்ணை மூடினால் அவளேதான்!" என்று வாழ்த்துகிறார்களாம்.

"என்னிடம் ஏழு பேருடைய குரல் இருக்கிறது" என்றாள். ஏழையும் பாடிக் காட்டினாள். ஒருத்தி கிசுகிசுப்பு, ஒருத்தி இடி, ஒருத்தி மூக்கு. மாயம்தான். "எட்டாவது?" என்று கேட்டேன். "அது கோவிலுக்கு மட்டும்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர்கள்மேல்.

5 ஜூலை, சனி

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

நெனிற்றா கிற்றாரோடு எங்கள் அறைக்கு வந்தாள். அந்தத் தாலாட்டை எங்கள் சின்னக் கசெற் ரேடியோவில் போட்டுக் காட்டினேன். கூடவே வாசிக்கப் பார்த்தாள், சேரவில்லை. நரம்பை முறுக்கினாள், தளர்த்தினாள். பிறகு கிற்றாரை வைத்துவிட்டுக் காதை ரேடியோவுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். மூன்று தரம் கேட்டாள்.

"இந்தப் பெண் மூச்செடுப்பதைக் கேள். மனிசர் இவ்வளவு அவசரமாக மூச்செடுப்பதில்லை. கசெற் வேகமாக ஓடுகிறது."

எங்கள் ரேடியோ பழுது என்று நினைத்தேன். அவள் தன்னுடைய சொந்தக் கசெற்றைப் போட்டாள். அது சரியாக ஓடியது. பழுது ரேடியோவில் இல்லை, எங்கள் கசெற்றில்.

யோசப் உடனே சொன்னார்: "எங்கட கசெற் எல்லாம் ஸ்டுட்கார்ட் முருகேசு அண்ணை அடிச்சு அனுப்புறதுதானே." உண்மை. முருகேசு அண்ணையிடம் இரட்டைக் கசெற் மெஷின் இருக்கிறது. ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் பதியும். ஜெர்மனியில் பாதி வீடுகளுக்கு அங்கிருந்துதான் பாட்டுப் போகிறது. ஓடுகிற பக்கம் விரைவாக ஓடினால், பதிவதெல்லாம் விரைவுதான். வேகம் கூடினால் குரல் மேலே போகும், மெலியும்.

நெனிற்றாவின் அண்ணன் ஊரில் ரேடியோ திருத்துகிறவராம். மோட்டருக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை, அதற்குள் ஒரு திருகாணி, அரைச் சுற்றில் சரியாகிவிடும் என்றாள்.

அரைச் சுற்று! மூன்று வருடமாக நாங்கள் குயில் குயில் என்று கொண்டாடியது ஒரு மோட்டரையா? மகேந்திரராஜா அண்ணை அந்தக் கசெற்றைக் கேட்டுத்தான் ஆறரைக் கட்டை என்று சுருதி வைத்தார். ஆறரையில் பாடாத பெண்ணைப் பெண்ணே இல்லை என்கிறார்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்கா சந்திராவுக்கு இன்றே கடிதம் எழுதினேன். கொம்பனிக் கசெற் ஒன்று, கடையில் வாங்கியது, பிரிக்காதது, அனுப்பு என்று.

29 ஆகஸ்ட், வெள்ளி

கசெற் வந்துவிட்டது! மிளகாய்த்தூள் பொட்டலத்துக்குள் செருகி அனுப்பியிருக்கிறாள். துடைத்துவிட்டுப் போட்டேன், இரண்டு தரம் தும்மினேன், பாட்டு வந்தது.

ஐந்தரைக் கட்டை. ஒரு கட்டை முழுதாகக் கீழே. அந்தப் பாடகிக்கும் நெஞ்சு இருக்கிறது, மூச்சு இருக்கிறது. நல்ல குரல். நாங்கள் கேட்டே இராத குரல்.

என் குரலுக்கு நாலு கட்டைதான் இடம். ஐந்தரை கிடைத்தாலும் எனக்குப் போதாது, அது தெரியும். ஆனால் ஆறரை தெய்வ வாக்கு இல்லை என்றாகிவிட்டது அல்லவா?

31 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டு கசெற்றையும் மகேந்திரராஜா அண்ணைக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் பழையது, பிறகு புதியது. கண்ணை மூடிக் கேட்டார். நல்ல காது அவருக்கு, அதை மறுக்கமாட்டேன். முகம் மாறியது, கண்டேன். பிறகு சொன்னார்:

"கொம்பனிக் கசெற்தான் மெதுவா ஓடுது."

"அண்ணை, இது கடைக் கசெற்."

"எதெண்டாலும் இருக்கட்டும். எங்கட சனத்துக்குப் பழகின குரல் அதுதான். இதைப் போட்டால், பாடகிக்கு வயசு போட்டுது எண்டு சொல்லுவினம்."

அங்கே இருந்த எங்கள் விடுதிக் கமலநாயகி அக்காவும் தலையாட்டினார். "ஓம், முந்தினதுதான் இனிமை."

பொய்யைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் பொய்தான் இனிமை என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் யோசப், "விடும் றீற்றா. ஏன் வீண் வம்பு? எங்கட அகதி Antrag முடிவே இன்னும் வரேல்லை, நீர் பாட்டுக்குச் சண்டை பிடிக்கிறீர்" என்றார்.

ஏலாது. விட ஏலாது. நான் இந்த நாட்டில் இருக்கலாமா என்பதை யாரோ ஒரு அதிகாரி தீர்மானிக்கட்டும். என் தொண்டையைப் பற்றி நான் தீர்மானிப்பேன்.

18 அக்டோபர், சனி

யோகம் ஒத்திகை முடிந்து குளியலறையில் நின்று அழுதாள். "அக்கா, எனக்கும் ஏலாதக்கா. மேல போற இடத்தில கத்திபோல குத்துது." பிள்ளையின் கழுத்து நரம்பு இரண்டும் புடைத்திருந்தது. மகேந்திரராஜா அண்ணையிடம் போய்ச் சொன்னேன். "பழகினால் வரும்" என்றார்.

அவளோடு எனக்கு என்ன போட்டி? அவளையும் என்னையும் ஒரே மோட்டர்தான் போட்டு அரைக்கிறது.

9 நவம்பர், ஞாயிறு

நேற்றுக் கலைவிழா. எழுதினால்தான் மனம் அடங்கும்.

மண்டபம் நிரம்பியிருந்தது. யோகத்துக்குக் காலையிலிருந்தே குரல் இல்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. மகேந்திரராஜா அண்ணை தாலாட்டை நிகழ்ச்சியிலிருந்து வெட்டப் போனார். "நான் பாடுறன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், நிகழ்ச்சித்தாளைப் பார்த்தார். "சரி" என்றார்.

மேடையில் ஏறினேன். ஆறரையில் தொடங்கினார்! வேண்டுமென்றா, பழக்கத்திலா, இன்னும் தெரியாது. முன்னிசை ஒரு சுற்று வந்தது, நான் வாய் திறக்கவில்லை. இரண்டாம் சுற்று. சனம் நெளிந்தது. மூன்றாம் சுற்றில் மைக்கிலேயே சொன்னேன்: "அண்ணை, இறக்குங்கோ." இறக்கவில்லை.

அவரை விட்டுவிட்டு என் நாலு கட்டையில் நான் எடுத்தேன்.

இரண்டு சுருதியும் மோதிக்கொண்டன. கேட்க முடியாத சத்தம், எனக்கே பல் கூசியது. அவர் கையை எடுத்துவிட்டார். தபேலாவும் நின்றது. மண்டபத்தில் என் குரல் மட்டும். யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "ஆரது, ஆம்பிளையோ?"

அந்த நேரத்தில் ஓடியிருக்கலாம். கால் ஓடத்தான் பார்த்தது. ஆனால் குரல் நின்றது. நெஞ்சுக்கூட்டில் வைத்துப் பாடினேன், தடிப்போடு, கரகரப்போடு. தாலாட்டு யாருக்கு? பிள்ளைக்கு. எந்தத் தாய் ஆறரைக் கட்டையில் பிள்ளையைத் தூங்க வைக்கிறாள்? தூங்குகிற பிள்ளையும் எழும்பிவிடும்.

முதல் சரணத்தில் தபேலா மெல்லச் சேர்ந்துகொண்டது. இரண்டாம் சரணத்தில் கீபோர்ட் வந்தது, நாலு கட்டையில். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி அடியில் மேலே ஏறும்போது மண்டபத்தின் பின்பக்கம் ஒரே கூச்சல். நெனிற்றாவும் இரண்டு தாதிமாரும் எழுந்து நின்று காலால் தட்டுகிறார்கள், பாட்டு முடியவே இல்லை! எங்கள் சனம் முழுவதும் திரும்பி, யாருக்கோ வலிப்பு வந்துவிட்டது என்பதுபோல அவர்களைப் பார்த்தது.

கைதட்டல் வந்தது. பெரிதாக இல்லை. கீழே இறங்கியதும் கமலநாயகி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "சளி, தடிமனோ பிள்ளை? கொத்தமல்லி அவிச்சுக் குடியும்" என்றார். வாசலில் ஒரு இளம் தாய் மட்டும், தோளில் கிடந்த குழந்தையைக் காட்டி, "நீங்கள் பாடேக்க நித்திரையாப் போட்டான்" என்றாள்.

எனக்கு அது போதும். இல்லை, போதாது. ஆனால் நல்லாயிருந்தது.

யோசப் முழுவதையும் கசெற்றில் பதிந்திருக்கிறார். சொல்லவே இல்லை, கள்ளன்.

16 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வர, வழியில் மகேந்திரராஜா அண்ணை. "வணக்கம்" மட்டும்.

6 டிசம்பர், சனி

யோகத்துக்குத் தொண்டை ஆறிவிட்டது. என் அறைக்கு வந்து அந்தத் தாலாட்டை ஐந்தில் பாடினாள். நரம்பு புடைக்கவில்லை. "அக்கா, இது என்ர குரலோ?" என்று என்னிடமே கேட்டாள். நெனிற்றா கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது, இனி ஹோட்டலில் கடைசிப் பாட்டை மட்டும் எட்டாவது குரலில் பாடப்போவதாகச் சொன்னாள். வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களே என்றேன். அனுப்பட்டும் என்றாள்.

21 பெப்ரவரி 1987, சனி. ஸ்டுட்கார்ட்

யோசப்பின் தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம். மாவட்டம் தாண்டிப் போக அனுமதிக் கடதாசி கேட்டு அலுவலகத்துக்கு மூன்று Termin, மூன்று நடை. கடைசியில் கிடைத்தது, வந்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர் பெரிய மெஷின் ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார். இரட்டைக் கசெற். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, முருகேசு அண்ணை. நல்ல மனிதர். வாய் நிறையச் சிரிப்பு.

"டோர்ட்மண்டில இருந்து புதுசா ஒரு கசெற் வந்திருக்கு. தாலாட்டு. ஆரெண்டு தெரியேல்லை, கேளுங்கோ!"

கேட்டேன். குயில். மெல்லிசாக, மேலே, தேன் மாதிரி. பெண்கள் எல்லாரும் கதையை நிறுத்தினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். "என்ன இனிமையான குரல்!"

என்னுடைய குரல். என்னுடைய நாலு கட்டை, அவருடைய மோட்டரில் ஐந்தாக ஓடுகிறது. யோசப் பதிந்து தங்கைக்கு அனுப்பிய கசெற்.

எழுதத்தான் வேண்டும். ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. பேசாமல் இருந்தால் போதும், நான்தான் குயில். முப்பத்திரண்டு வருடமாக யாரும் சொல்லாத சொல். அந்த நிமிடம் முழுவதும் தலைகுனிந்து இருந்தேன்.

பிறகு நிமிர்ந்தேன். "முருகேசு அண்ணை, அது நான்தான். ஆனால் அது என்ர குரல் இல்லை. உங்கட மெஷின் ஓட்டம் கூட."

என் பேச்சுக் குரலைக் கேட்டதும் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவரும் நம்பவில்லை. "ஒரு சின்ன ஸ்குறூ டிரைவர் இருக்கோ?" என்றேன்.

அண்ணைக்குப் பதற்றம், ஆனால் கொடுத்தார். யோசப் எழுந்து வந்து பின்மூடியைக் கழற்றிப் பிடித்தார். வீண் வம்பு என்ற மனிதர்! நெனிற்றா சொன்ன இடத்தில் துளை இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, மெல்லத் திருகினேன். குரல் இறங்கியது. இன்னும் கொஞ்சம். அகலமானது. அடியில் அந்தத் தடிப்பு வந்தது, மூச்சு வந்தது, பிறகு நான் வந்தேன்.

கண்ணைத் துடைத்தவள்தான் முதலில் பேசினாள். "ஐயோ, குரல் கெட்டுப்போச்சே. திருப்பி ஏத்துங்கோ."

"ஏலாது" என்றேன்.

முருகேசு அண்ணை மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இனி நான் அடிக்கிற கசெற் எல்லாம் இப்பிடித்தான் வருமோ, பிள்ளை?"

"ஓம் அண்ணை. எல்லாப் பாட்டும்."

ஸ்குறூ டிரைவர் என் கைப்பைக்குள் கிடக்கிறது. இப்போதுதான் கண்டேன். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேனாம்.