வாய்க்கால் கரையின் வக்கீல்

கோவில்பத்து, காரைக்கால்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், இந்த வயதுக்கு அதையே சுகம் என்று வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளை செந்தில்குமாரும் பேத்தியும் குளிருக்குத் தப்பித்து நலமாக இருக்க வேண்டும். போனில்தான் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை அம்மா கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அண்ணன் பேச்சை எடுத்தாலே அவளுக்குக் கண் கலங்கிவிடுகிறது, அதனால் ‘அண்ணன் நல்லா இருக்கான்’ என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டு வந்தேன். அது முழு உண்மை இல்லை. மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாக்கு வியாபாரம் இந்த அறுப்புக்குச் சுமார்தான். தைக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டதால் தார்ப்பாய் மட்டும் நன்றாகப் போனது. களத்தில் நெல் நனைந்தவனின் வயிற்றெரிச்சலில் எனக்கு வியாபாரம், அதில் சந்தோஷப்படவும் மனம் வரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, மாத்திரையை மறக்கிறாள், சீனியை மறப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் கதிரவன் எலெக்‌ஷனில் ஜெயித்த வருடம்தான் நீ பிரான்சுக்குப் போனாய், அதற்குப் பிறகு நடந்தது எதையும் நீ கிட்ட இருந்து பார்க்கவில்லை. முன்கதை உனக்கே தெரியும். கடைக்கு வாடா என்றால் சட்டம் படிக்கிறேன் என்று பாண்டிச்சேரிக்குப் போனான், திரும்பி வந்து இந்த ஊர் கோர்ட்டில் நின்றபோது ஈ ஓட்டினான். வருகிற ஒன்றிரண்டு பேரையும் ‘இந்தக் கேஸ் நிக்காதுங்க, சமாதானமாப் போங்க’ என்று திருப்பி அனுப்புவான். பிழைக்கத் தெரியாத பிள்ளையைப் பெற்றுவிட்டேனே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவன் திருப்பி அனுப்பியவர்களே நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இவர் நிற்கும் என்று சொன்னால் நிற்கும் என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேரை வைத்துத்தான் தலத்தெருவுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரையில் குடியிருக்கிறவர்கள் இவனிடம் வந்தார்கள். வாய்க்கால் புறம்போக்கு, காலி செய் என்று நோட்டீஸ் வந்திருந்தது. இவன் பீஸ் வாங்காமல் சென்னை ஐகோர்ட்டில் நின்று ஸ்டே வாங்கிக் கொடுத்தான். இவன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அந்த ஜனங்கள் போட்ட மாலையை நீயும் பார்த்தாய். எலெக்‌ஷனில் சீட் கொடுத்ததும் அந்த மாலையைப் பார்த்துத்தான்.

ஜெயித்த அன்றைக்கே நம் பக்கத்துக் கடை தமீம் அன்சாரி என்னிடம் சொன்னார், ‘என்னண்ணே, மவன் சட்டம் போடுற எடத்துக்கே போயிட்டாரு, இனிமே அவருகிட்ட சட்டம் பேசுனா கோவம் வரும் பாருங்க’ என்று. சிரித்துக்கொண்டேன். முதல் ஆறு மாதம் உன் அண்ணன் பழைய வக்கீலாகத்தான் இருந்தான், காலையில் மனுவோடு வந்து நிற்கிறவர்களிடம் ‘இதுக்குச் சட்டத்துல எடம் இல்லங்க’ என்று முகத்துக்கு நேரே சொல்லுவான். போகிறவர்கள் வாசலிலேயே வைதுகொண்டு போவார்கள். கட்சிக்காரர்கள் வந்து, வக்கீல் சார், இப்படிப் பேசினால் அடுத்த தடவை டெபாசிட்டும் மிஞ்சாது என்றார்கள். அதற்கப்புறம் ‘பார்க்கலாம்’ என்றான். அப்புறம் ‘செஞ்சிடலாம்’ என்றான். எதைக் கேட்டாலும் செஞ்சிடலாம். அலைச்சலும் கொஞ்சமில்லை தாமரை. பாண்டிச்சேரியில் சட்டசபைக்குப் போவதென்றால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று அடுத்த மாநிலத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஊரில் இருக்கிற நாளில் காதுகுத்து, கிரகப்பிரவேசம், சாவு, காரியம். ஒரு வீட்டுக்குப் போகாவிட்டால் அந்தத் தெருவே முகம் கொடுக்காது. சொந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அபூர்வம். கோர்ட்டுப் பக்கம் போவது நின்றே போனது.

வாய்க்கால் கரைக்காரர்களும் கேஸை மறந்தார்கள். நம் வக்கீலே எம்.எல்.ஏ., பட்டாவே வந்துவிடும், இனி கேஸ் எதற்கு என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள். இவனும் பட்டாவுக்குச் செஞ்சிடலாம் சொல்லியிருந்தான். ஜூனியர் அஷ்வின் என்று ஒரு பையன் இருந்தான், அவன்தான் தேதி பார்த்துக்கொண்டிருந்தான், பெங்களூரில் வேலை கிடைத்து அவனும் போய்விட்டான். போன கார்த்திகையில் கேஸ் எடுத்த அன்றைக்கு ஐகோர்ட்டில் இந்த ஜனங்களுக்காக எழுந்து நிற்க ஆள் இல்லை. உன் அண்ணன் அன்றைக்குக் கட்சித் தலைவர் ஒருவரின் பேரனுடைய காதுகுத்தில் சபையில் உட்கார்ந்திருந்தான். யாரும் ஆஜராகவில்லை என்று கேஸைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள், கேஸோடு ஸ்டேயும் போயிற்று. பொங்கல் முடிந்து வீட்டுக்கு வீடு காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

அன்றைக்குக் காலையில் அத்தனை பேரும் நம் வீட்டு வாசலில் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. நடவுக்குப் போகிற குஞ்சம்மாவை உனக்கு நினைவிருக்கும், உன் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினாளே, அவள் மட்டும் சொன்னாள். ‘எம்.எல்.ஏ. ஆவுறதுக்கு ஊர்ல நூறு பேரு இருந்தாங்க வக்கீலய்யா. கோர்ட்ல எங்களுக்காக எந்திரிச்சி நிக்க நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க.’ அவ்வளவுதான், போய்விட்டாள். உன் அண்ணன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

கேஸை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லி மனுப் போடலாமாம். ஆனால் ஏன் வரவில்லை, ஏன் இத்தனை நாள் தாமதம் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குள் எலெக்‌ஷனும் வந்துவிட்டது. கட்சியில் ஜெயபிரகாஷ் என்று ஒருவர், காண்டிராக்ட் எடுக்கிறவர், கடைக்கே வந்து என்னிடம் பக்குவமாகப் பேசினார். ‘ஐயா, நீங்கதான் தம்பிகிட்ட சொல்லணும். ஜூனியர் கவனிக்கலன்னு எழுதிட்டுப் போவட்டும். எலெக்‌ஷன் நேரத்துல தானே போயி யாராச்சும் கழுத்த நீட்டுவாங்களா?’ மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஓட்டைச் சாக்கை ஓட்டை என்று சொல்லியே விற்றுக் கடையை வளர்த்தவன் நான், பிள்ளை விஷயம் என்றதும் புத்தி வேறு மாதிரி போகிறது. ராத்திரிச் சாப்பாட்டில் மெதுவாக எடுத்துச் சொன்னேன். உன் அண்ணி வினோதாதான் பதில் சொன்னாள். ‘மாமா, அந்தப் பையன் போறப்ப கேஸ் கட்டயெல்லாம் கொண்டாந்து நம்ம கூடத்துல வச்சி, சாரு கண்டிப்பா பாக்கணும்னு ரெண்டு தடவ சொல்லிட்டுத்தான் போனான். நாந்தான் காப்பி போட்டுக் குடுத்தேன்.’ மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன்.

போன வாரம் அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். யார் மேலும் சாட்டவில்லை. நான் சட்டமன்ற வேலையில் மூழ்கி, என்னை நம்பிக் கேஸ் கொடுத்தவர்களைக் கைவிட்டேன், என் தவறுக்கு அவர்கள் வீட்டை இழக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறான். எனக்குப் படித்துக் காட்டினான். இது நிற்குமா என்று கேட்டேன், ‘தெரியலப்பா’ என்றான். எத்தனை வருடத்துக்குப் பிறகு அவன் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டேன் தெரியுமா! நேற்றுக் கட்சியின் வேட்பாளர் பட்டியல் வந்தது. அவன் பேர் இல்லை, ஜெயபிரகாஷ் பேர் இருக்கிறது. இன்று காலையில் நம் வாசலில் ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை. எனக்கு அலுத்துப்போய்விட்டதம்மா. வந்த கூட்டத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டவன்தான் நானும், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அம்மா பூஜை அறையிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் அவன் தனியாக வாய்க்கால் கரைக்குப் போனான், நான் பின்னாலேயே போனேன், யாராவது கை வைத்துவிடுவார்களோ என்று பயம். பட்டியலில் பேர் இல்லாதது அங்கேயும் தெரிந்திருந்தது. தப்பு என்னுடையது, வேறு நல்ல வக்கீல் வேண்டும் என்றால் கேஸ் கட்டை ஒப்படைத்துவிடுகிறேன், நானே நிற்கட்டும் என்றாலும் நிற்கிறேன், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டான். ஜெயிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குக் குஞ்சம்மாதான், ‘கோர்ட்ல நிக்கிறதுன்னா நீங்களே நில்லுங்க வக்கீலய்யா. ஆனா அன்னிக்கி எவன் வூட்டு விசேசத்துக்கும் போவக் கூடாது’ என்றாள். சிரித்தார்கள், இவனும் சிரித்தான். சிரிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போகிறான். வீடுகள் தப்புமா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் எலெக்‌ஷனுக்கு வருகிறேன் என்று நீ டிக்கெட் போட்டிருக்கிறாய், அதை ரத்து செய்யாதே, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து சும்மா பத்து நாள் இரு, வீடு வெறிச்சென்று இருக்கிறது. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். வேலை வேலை என்று நேரம் கெட்டுச் சாப்பிடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் கோணாமல் வாழ அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

மறக்காமல் ஞாயிறு பகலிலேயே அண்ணனுக்குப் போன் போடு. சீட் போனதைப் பற்றி ஊரே கேட்டுவிட்டது, நீ கேட்காதே. கேஸ் என்றைக்கு வருகிறது என்று மட்டும் கேள்.

இப்படிக்கு
உன் அப்பா
பாலகுரு